பதினோரு குதிரைகளும் என்னுடையவை அல்ல

அனுப்புநர்:
தையல்காரர் மனைவி,
கடைசி வீடு, பழைய ராணுவ மைதானத் தெரு.

பெறுநர்:
வனவிலங்குப் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: பதினோரு குதிரைகளுக்கு நான் சொந்தக்காரி என்று போட்ட கையெழுத்தை ரத்து செய்யக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் முன்பு ராணுவ முகாம் இருந்தது. லாரிகள் வந்ததும் குதிரைகள் வேண்டாதவை ஆயின. சேணங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு, குதிரைகளை விட்டுவிட்டுப் போனார்கள். என் மாமனார் சிறு வயதில் கண்ணால் பார்த்தது இது. இன்று இருப்பவை அவற்றின் வழிவந்தவை. கடிவாளமோ லாடமோ கண்டதில்லை. தங்கள் பட்டியலிலும் காட்டுக்குதிரைகள் என்றே இருந்தது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இருபது வருடமாக அவற்றின் பிறப்பு இறப்பை எழுதி வருகிறேன். நகல் இணைத்துள்ளேன்.

2. சென்ற மாதம் ஓடை வற்றியதால் அவை சாலைக்கு வந்தன. தங்கள் ஊழியர்கள் பதினொன்றையும் பிடித்துப் பட்டியில் அடைத்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் மூன்று நாள் அவை குடிக்கவில்லை. தொட்டி என்றால் என்னவென்று அவற்றுக்குத் தெரியாது. நான் குழாயைத் தரையில் போட்டுத் திறந்துவிட்டேன். மண்ணில் ஓடிய தண்ணீரைக் குடித்தன.

3. விட்டுவிடும்படி கேட்டேன். "சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தாம்மா விட முடியும். பாரத்துல அந்த ஒரு கட்டம்தான் இருக்கு. சும்மா போடுங்க, யார் பார்க்கப் போறா?" என்றார் எழுத்தர். போட்டேன். அன்றே அவற்றை மைதானத்தில் விட்டார்கள். "சைக்கிளுக்கே வழியக் காணோம், எங்கண்ணி பதினோரு குதிரைக்கு முதலாளியம்மா" என்று என் நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

4. கையெழுத்துப் போட்ட பன்னிரண்டாம் நாள் தங்கள் கடிதம் வந்தது. சொந்தக்காரர் இருப்பதால் அவை காட்டுக்குதிரைகள் அல்ல, பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன, மைதானத்துக்கு வேலி போடப்படும், இம்மாதம் 17, வெள்ளிக்கிழமைக்குள் நான் ஓட்டிச் செல்லாவிட்டால் ஏலம் என்று இருந்தது. வேலி வேலை தொடங்கிவிட்டது. இரண்டு குதிரைகள் கம்பியில் சிக்கி இறந்தன. காது கிழிந்த சாம்பல் நிறப் பெண் குதிரை, போன வாரம் திங்கள். அதன் போன வருடத்துக் குட்டி, புதன். நோட்டில் எழுதினேன். அழுகை வரவில்லை. துணி துவைக்கக் கிடந்தது, துவைத்தேன்.

5. பாரத்தின் அடியில் "கடவுள் அறிய இது உண்மை" என்று அச்சிட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. மளிகைப் பொட்டலக் காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள். ஆனாலும் அந்த வரியைப் படிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். படித்துவிட்டுத்தான் போட்டேன். அன்றிலிருந்து பிரார்த்தனைக்கு உட்காருகிறேன், வாயில் வார்த்தை வருவதில்லை.

6. மறைத்ததாக இருக்கக் கூடாது என்று இதையும் எழுதுகிறேன். பட்டியிலிருந்து விட்டபின், நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள ஒரு குட்டி, குழாய்ச் சத்தம் கேட்டால் என் கொல்லைப்புறம் வரத் தொடங்கியது. கை எட்டும் தூரத்தில் நின்றது. இப்படியே வந்துகொண்டிருந்தால் நான் கையெழுத்துப் போட்டது மெய்யாகிவிடும். கல்லை எடுத்து எறிந்தேன். முழங்காலில் பட்டது. இப்போது வருவதில்லை.

7. பொய் சொன்னதற்கு உரிய தண்டனையைக் கொடுங்கள். கையெழுத்தை ரத்து செய்து, மீதி ஒன்பதையும் மறுபடி பட்டியலில் சேர்த்து, வேலியை நிறுத்தும்படி வேண்டுகிறேன். வெள்ளிக்கிழமைக்கு முன் தாங்கள் நேரில் வந்து பார்க்கலாம். மைதானத்தின் நடுவில் நின்று நான் கூப்பிடுகிறேன். ஒன்றாவது என்னிடம் வந்தால் ஒன்பதையும் ஏலத்தில் விடுங்கள்.

வராது ஐயா.

இடம்: மைதானத் தெரு
நாள்: 14, செவ்வாய்க்கிழமை

சொந்தக்காரி அல்லாத,
(கையொப்பம்)
தையல்காரர் மனைவி