மருந்து மிஷினில் சுண்ணாம்பு

அத்தான்,

காலையிலிருந்து வீடெல்லாம் பெயிண்ட் நாற்றம். லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற பட்டறையிலிருந்து உங்கள் மகன் ஒரு மிஷினை இரவல் வாங்கிவந்து, போலகத்தில் உங்கள் வீட்டு வாசலில் ஒரு பலகை மேல் அடித்துப் பார்த்தான். 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே இருந்த அக்கா சட்டென்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். பார்வை போய்ப் பல வருஷமான கண்ணை இன்னும் எதற்குப் பொத்துகிறாள்? அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. செத்துப்போனவரோடு சண்டை போடக் கூடாதென்பார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன், அந்தப் பாடம் வரைக்கும் போகவில்லை.

"மாமா, மிஷினா பிரஷ்ஷா? நீங்களே சொல்லுங்க" என்கிறான். உங்கள் பிள்ளை கேட்கவாவது கேட்கிறான். நீங்கள் யாரைக் கேட்டீர்கள்?

அந்த வருஷம் குறுவையில் புகையான் பூச்சி விழுந்ததென்று, முதுகில் மாட்டி மருந்தடிக்கிற மிஷின் வாங்கினீர்கள். வயலுக்கு அது சரி. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றதும், கரைத்த சுண்ணாம்பை அதற்குள் ஊற்ற உங்களைத் தவிர யாருக்குத் தோன்றும்?

"மட்டையாலயே அடிச்சிருவோங்க. தம்பியும் வந்துருக்கான்" என்றாள் அக்கா.

"வயலையே அடிக்கிற மிஷினு. இந்த வீடு எம்மாத்திரம்? ஒனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு."

நான் ஏணியில் நின்று, நுனியை நைத்த சுண்ணாம்பு மட்டையால் அடித்தபடி, "ஏன் அத்தான், சுவத்துலயுமா புகையான் விழுந்துட்டு?" என்றேன்.

"வாயக் கொறச்சு கையை ஓட்டுடா. பொழுது சாயுறதுக்குள்ள ஒன் சுவரு முடியுதான்னு பாக்குறேன்."

முதல் வீச்சு பளிச்சென்றுதான் விழுந்தது. உங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம் கடல்காற்று கிளம்பியது. சுவருக்குப் பாதி, பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிக்குப் பாதி. ஜன்னல் கம்பி வெள்ளை, கட்டியிருந்த மாட்டின் மூஞ்சி வெள்ளை. "மாட்டுக்கும் சேத்துப் பொங்கலா அத்தான்?" என்று சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

அதற்குள் மிஷின் அடைத்துக்கொண்டது. மருந்து தண்ணீர் மாதிரி ஓடும். சுண்ணாம்பில் மணலும் கட்டியும் இருக்கும், துணியில் வடிகட்டித்தான் ஊற்ற வேண்டும். அதைச் சொன்ன என்னை முறைத்துவிட்டு, குழாயை அக்கா கையில் கொடுத்தீர்கள். டப்பா உங்கள் முதுகில். நீங்கள் அழுத்துகிறீர்கள்.

"வருதான்னு பாரு."

"வரலைங்க."

"முனைக்கிட்ட நல்லாக் குனிஞ்சு பாரு!"

சொன்னதைக் கேட்டுப் பழகியவள், குனிந்து பார்த்தாள். அப்போது வந்தது.

நான் ஏணியிலிருந்து குதித்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் ஒரு செம்புத் தண்ணீரை முகத்தில் அடித்துவிட்டு, "வெத்தலைல தடவித் திங்கிறதுதானே, கண்ணுல பட்டா என்னா? வெளக்கெண்ணெய் விட்டாச் சரியாப் போயிடும்" என்றீர்கள்.

"காரைக்காலுக்குத் தூக்கிக்கிட்டுப் போவோம் அத்தான்."

"ஒரு சுவருதான் பாக்கி. முடிச்சுட்டுப் போவோம்."

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. "அவங்களும் வரட்டும் தம்பி" என்றாள். புருஷன் இல்லாமல் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டாளாம். அன்றைக்குத்தான் முதன்முதலாக உங்களை நீ என்று பேசினேன். "நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?" என்றேன். நீங்கள் அந்தச் சுவரை முடித்துவிட்டுத்தான் வந்தீர்கள்.

"ஒடனே கொடங்கொடமாத் தண்ணி ஊத்திக் கழுவிக் கூட்டிட்டு வந்துருந்தா..." என்று டாக்டர் பாதியில் நிறுத்திவிட்டார். நீங்கள் விரலிடுக்கில் காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் யார் கேட்டாலும், "கண்ணுல பூ விழுந்துட்டு" என்பீர்கள். யார் தூவிய பூ அத்தான்? அவளிடம் ஒரு வார்த்தை, தெரியாமல் நடந்துவிட்டதென்று ஒரே ஒரு வார்த்தை, சாகும்வரை உங்கள் வாயிலிருந்து வந்ததா?

உங்கள் பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். "வெளிச்சுவருக்கு மட்டும், காத்து கெளம்புறதுக்கு முன்னால மிஷின்ல அடி. பெயிண்ட்ட வடிகட்டி ஊத்து. கண்ணாடி போட்டுக்க. கதவு, ஜன்னலுக்கெல்லாம் பிரஷ்ஷுதான். அம்மாவ மட்டும் ஒத்தாசைக்குக் கூப்புட்ட, மிஷின ஒடச்சுப் போட்டுருவேன்."

உள்ளேயிருந்து அக்கா சொல்கிறாள்: "ஒன் அத்தான் இருந்தா இன்னேரம் முடிச்சிருப்பாங்க."

பெருமையாகச் சொல்கிறாள், அத்தான்! நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

கடைத்தெருவுக்குப் போகும்போது நீங்கள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் போவீர்கள், திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். பின்னால் வருகிறவளுக்கு இடப்பக்கம் வருகிற சைக்கிள் தெரியாது. எத்தனை தரம் இடி வாங்கியிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? இப்போது அவளுக்கு இடப்பக்கம் நான் நடக்கிறேன். அக்கா முந்தானையை விடமாட்டான் என்று ஊரில் என்னைக் கேலி செய்கிறார்கள், செய்யட்டும். சைக்கிள் மணி கேட்டால் என் கை தானாகப் போய் அவள் முழங்கையைப் பிடிக்கிறது. பிடிக்கும்போதெல்லாம் உங்களைத் திட்டுகிறேன். அவளுக்குக் கேட்காமல்தான்.