என் இடுப்பில் இருந்த மருந்து

அன்புத் தங்கைக்கு,

காலில் கட்டு இல்லாத அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

கிளட்ச் மிதிக்கிற இடது காலில் இரண்டு வருடமாக ஆறாத புண். நான் பூசாத களிம்பு இல்லை. பணிமனையில் என் பஸ்ஸை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். கடைசியில் டாக்டர், முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடலாமா, எலும்பு மஜ்ஜை வைத்துப் பார்க்கலாமா என்று, காபியா டீயா என்பதுபோலக் கேட்டார். பயத்தில் பாதிதான் காதில் விழுந்தது. வெளியே வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், மஜ்ஜை தேவை, யாராவது தருவீர்களா என்று போட்டுவிட்டேன்.

மாலைக்குள் நம் குடும்பத்தில் எத்தனை நோயாளிகள் என்று தெரிந்தது. பெரியண்ணனுக்கு முதுகுவலி வந்தது. சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. மாமா, கும்பிடும் கைப் படம் ஒன்பது அனுப்பினார். உன் கல்யாணத்துக்கு நான் வராததிலிருந்து ஆறு வருடமாகப் பேசாத நீ மட்டும், "என்னோடதை எடுத்துக்கச் சொல்லுங்க. பிளைட் டிக்கெட் போட்டாச்சு" என்று எழுதினாய்.

மறுநாள் இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். "யாரோடதும் வேண்டாங்க. உங்க இடுப்பெலும்புல இருக்கிறதே போதும்." குழுவில் தெரிவித்தேன். எல்லோருக்கும் உடனே உடம்பு தேறிவிட்டது. நீயும் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாய்.

மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலிருந்து செல்களைப் பிரித்துப் புண்ணைச் சுற்றிச் செலுத்தினார்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. ஐந்தாவது வாரம் கட்டு மாற்றும்போது, ஓரத்தில் புதுத்தோல் வருகிறது என்றாள் உன் அண்ணி. நம்பாமல் கண்ணாடி கேட்டேன். பன்னிரண்டாவது வாரம் புண் மூடிவிட்டது. "உட்கார்ந்தே வளர்த்த இடுப்பு, ஒருவழியா உதவுச்சு" என்பது அவள் கருத்து.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் அண்ணிக்கும் நன்றி சொல்லியாயிற்று. உனக்குச் சொல்லத்தான் இத்தனை சுற்று. மஜ்ஜை எடுத்த அன்று மேஜையில் குப்புறப் படுத்திருந்தபோது, உன் இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு வராதது என் தப்பு. உன் வீட்டுக்காரரை இனியாவது மாப்பிள்ளை என்று கூப்பிடலாமா என்று நான் கேட்டதாக அவரிடம் சொல்.

அடுத்த மாதம் முதல் பழைய தடத்திலேயே வண்டி எடுக்கிறேன். விமான நிலைய வாசல் என் ஆறாவது நிறுத்தம். அங்கே தினமும் இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பேன். பயணிகள் திட்டினால் திட்டட்டும்.

நீங்கள் இருவரும் நன்றாக இருக்க வேண்டும்.

இரண்டு காலுடன்,
உன் அண்ணன்