காய்ந்த மண்

2025 ஜூன் 24

அப்புக்குட்டி, இன்றைக்கும் மழை. கலஹா ரோட்டில் நீ பைக்கோடு சறுக்கி விழுந்த அன்றைக்குப் பெய்த மாதிரியே. முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க வேண்டுமாம். அப்பா சொல்கிறார்.

ஜூன் 27

கண்டியில் நீ வேலை செய்த அச்சுக் கடைக்குள் முதல் தடவையாக ஏறினேன். சோற்றுப் பார்சல் கொண்டுவந்தால் ரோட்டுக்கே இறங்கி வந்து வாங்கிக்கொள்வாய். மேலே விட்டதே இல்லை. உன் கூட்டாளி அகீல் கதிரை போட்டான். உன் போட்டோவை வாங்கிக்கொண்டான்.

ஜூன் 30

அட்டையைப் பார்த்தேன். அது நீ இல்லை. மெழுகு. பரு எங்கே? நாடியில் இருந்த தழும்பு எங்கே?

“விடு டொரதி, சாமிப் படம் மாதிரி இருக்கான்ல” என்றார் அப்பா.

சாமிப் படமா கேட்டேன் நான்? எனக்கு என் புள்ள வேணும்.

ஜூலை 2

திரும்பப் போனேன்.

“அழகா இருக்கட்டும்னு நான்தான் எல்லாத்தையும் அழிச்சேன் ஆன்ட்டி, மனசுல வெக்காதீங்க” என்றான் அகீல். பருவையும் தழும்பையும் திரும்பக் கொண்டுவந்தான். ஆனாலும் பின்னால் வெறும் வெள்ளை.

“உங்க கிளின்ரன் இருந்து பாத்தா ஏசுவான் ஆன்ட்டி. வழுவழுன்னு இருந்தா பொய்டா, சொரசொரப்புப் போடும்பான்.”

கம்ப்யூட்டரில் நீ எடுத்து வைத்திருந்த படம் ஒன்றைத் திறந்தான். கறுப்பும் பழுப்புமாக வெடிப்பு வெடிப்பாக.

“காஞ்ச மண்ணுன்னு சொன்னான். தேயிலைப் போஸ்டர், ஹோட்டல் போர்ட் எல்லாத்துக்கும் இதத்தான் மெல்லிசா சேப்பான். தொட்டுப் பாக்கணும் போல ஆயிரும்.”

பெரிதாக்கினான். நடுவில் ஒரு கோணல் கோடு. விறகு வெட்டும்போது கத்தி பட்டது.

மண் இல்லை. தேயிலைக் கொழுந்து பறித்துக் கறை ஏறிய என் கை.

கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். “இதையே போடுங்க தம்பி” என்றேன்.

ஜூலை 5

ஒன்றும் சாப்பிடவில்லை.

ஜூலை 8

பூசை முடிந்தது. அட்டையில் பருவோடு நீ, பின்னால் என் கை. வந்தவர்கள் எல்லாம் விரலால் தடவிப் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும் சொல்லவில்லை.

முன்னொரு நாள் அடுப்படியில், “கைய விரிங்கம்மா, ஆட்டாதீங்க” என்று போனில் எடுத்தாய். எதுக்குடா என்றேன். சிரித்தாய்.

எல்லாப் படத்திலும் என்னைப் போட்டிருக்க. பெறகு ஏன்டா மண்ணுன்னு சொன்ன? அம்மா கைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சா?