முந்திரிக்கொட்டை, இரண்டு தடவை

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, அடுத்த வரி பள்ளத்தில் இறங்குகிறது. ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய கைக்குப் பென்சில் அகப்படவே மாட்டேன் என்கிறது. ஆனாலும் இது நானே எழுதியது. கைநாட்டு வைத்த அதே கை! நீ இருந்திருந்தால் நம் பிளாக்கில் இருக்கிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியிருப்பாய்.

இன்று மகன் பண்ருட்டியிலிருந்து ஒரு பலாப்பழம் தூக்கி வந்தான். குவார்ட்டர்ஸ் முழுக்க அதே வாசம். மருமகள் கத்தியில் எண்ணெய் தடவி அதைப் பிளந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா மாமா, தனியா சிரிச்சிகினு இருக்கீங்க?" என்றாள்.

"உங்க அத்தையத்தான் நெனச்சிகினேன்" என்றேன். சொன்ன கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் காண்ட்ராக்ட் வேன் ஓட்டத் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மைன்ஸுக்குப் போவேன். முந்திரி உடைத்துக் கறை ஏறிய கையோடு நீ வாசல்வரை வருவாய். "முந்திரிக்கொட்ட மாதிரி முந்திகினு போவாதீங்க. ரெண்டு தபா சொல்லிட்டு வண்டிய எடுங்க" என்பாய். நானும் சின்னப் பிள்ளை போல "முந்திரிக்கொட்டை, முந்திரிக்கொட்டை" என்று ஒப்பித்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

ஒருநாள் ஒரு லாரிக்குப் பின்னால் போகும்போது விளையாட்டாக அதைச் சொல்லிப் பார்த்தேன். லாரி ஒரு புளியமரத்தைத் தாண்டியதும் ஆரம்பித்தேன். நிதானமாக இரண்டு தடவை சொல்லி முடித்த பிறகு என் வண்டி அந்த மரத்துக்கு வந்தால், லாரி சட்டென்று நின்றாலும் நான் நிற்க இடம் இருக்கும். ஒரு தடவை சொல்வதற்குள்ளேயே மரம் வந்துவிட்டால் மோதல்தான். மழை பெய்தால் நான்கு தடவை. வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். "அப்ப லைசென்ச எனக்கில்ல குடுத்திருக்கணும்!" என்று நீ இடுப்பில் கை வைத்தாய்.

அப்புறம்தான் அந்த சேத்தியாத்தோப்புக் கல்யாணம். நம் பிளாக்கில் இருந்த திருநெல்வேலிக்காரர் வீட்டுப் பையனுக்கு அங்கே பெண் எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் சொந்தக்காரர்களும் என் வேனில் ஏறினார்கள். நீ எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். உனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன், மடியில் சீருக்கு வாங்கிய பெரிய பலாப்பழம். முன்னால் ஒரு உர மூட்டை லாரி போய்க்கொண்டிருந்தது.

"என்னய்யா, வண்டிய ஓட்டுதீரா, உருட்டுதீரா? முகூர்த்தம் போயிரும்வே!" என்றார் தாய்மாமன்.

"போவாதுங்க அண்ணாச்சி, நேரத்துக்கு எறக்கி வுட்டுடறேன்."

"முன்னால ஒரு பந்தியே போடலாம் போலிருக்கே, அவ்வளவு எடம் விட்டிருக்கீரு!"

வேனே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தான். என் கால் ஆக்சிலேட்டரில் துடித்தது. ஆனால் அந்தப் பிள்ளையை மணவறையில் முழுசாக உட்கார வைப்பது என் பொறுப்பு அல்லவா? உன்னைத் திரும்பிப் பார்த்தேன். லாரி ஒவ்வொரு மரத்தையும் தாண்டும்போது உன் உதடு மட்டும் அசைந்தது. முந்திரிக்கொட்டை, முந்திரிக்கொட்டை. என் கால் அடங்கிவிட்டது.

ஒரு வளைவு வந்தது. வண்டிகள் ஏறிப் போனால் மணி தானாக உதிரும் என்று ஊர்க்காரர்கள் உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். காய்ந்த செடியின்மேல் பிரேக் போட்டால் டயர் வழுக்கிக்கொண்டு போகும். லாரிக்காரர் அதன்மேல் ஏறிய பிறகுதான் பார்த்தார் போலும், பிரேக்கை மிதித்துவிட்டார். லாரி சறுக்கித் திரும்பி, ரோட்டை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. மூட்டைகள் மடமடவென்று சரிந்தன.

நானும் மிதித்தேன். எனக்குக் கீழே இருந்தது வெறும் தார். செடி ஆரம்பிக்கும் இடத்துக்கு இந்தப் பக்கமே வேன் நின்றது. நின்றேவிட்டது!

வேனில் ஒருவருக்கும் கீறல் இல்லை. லாரிக்காரரும் தன் காலாலேயே இறங்கி வந்தார். தாய்மாமன் மடியில் இருந்த பழம் மட்டும் துள்ளி வந்து, நமக்கு நடுவில் விழுந்து பிளந்தது. நீதான் முதலில் வாயைத் திறந்தாய்.

"அண்ணாச்சி, அடிபட்டது உங்க பழத்துக்கு மட்டுந்தாங்க."

அவர் இறங்கினார். லாரியைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், நடுவில் காலியாகக் கிடந்த ரோட்டைப் பார்த்தார். "ஏ தாயி, இந்த எடம் மட்டும் இல்லேன்னா நம்ம பயலுக்கு எந்த மாலையப் போட்டிருப்போமோ" என்றார். அப்புறம் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதார்.

ஊர்க்காரர்கள் மூட்டைகளை நகர்த்தி வழி விடும்வரை நாம் ரோட்டோரம் நின்று அந்தப் பழத்தைத் தின்று தீர்த்தோம். பட்டுவேட்டி கட்டிய மாப்பிள்ளைக்கு நீதான் சுளை எடுத்துக் கொடுத்தாய். முகூர்த்தத்துக்கும் போய்ச் சேர்ந்தோம். "மாப்பிள்ளைக்கு முன்னாடி பலாப்பழ வாசன வந்துடிச்சே!" என்றார்கள் பெண் வீட்டார். தாய்மாமன் பந்தியில் உன்னை எழுப்பி நிறுத்தி, அந்த இரண்டு தடவைக் கணக்கை ஊருக்கே சொல்ல வைத்தார்.

அதன்பிறகு வேன் ஸ்டாண்டில் யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. கிளம்புகிறவனைப் பார்த்து, "கொட்ட ஒடச்சாச்சாடா?" என்று கேட்பதே அங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டு தடவை சொல்லிக் கிளம்பியவன் எல்லாம் ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தான். சாவியை ஒப்படைத்த நாள்வரை என் வேனில் யாரும் ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. அது உன் வெற்றி. ஓட்டியது நான்.

இப்போது முதியோர் வகுப்புக்குப் போகிறேன். நான் டீச்சரிடம் கேட்டு எழுதிய முதல் பெரிய வார்த்தை எது என்று நினைக்கிறாய்? அதேதான். டீச்சர் பெண் சிலேட்டைப் பார்த்துவிட்டு, "எழுத்துக்கு எழுத்து இவ்ளோ எடம் வுட்டிருக்கீங்களே தாத்தா, நடுவுல லாரி போவுமா?" என்றாள். "போவட்டும்மா, மோதாம போனா சரி" என்றேன். வகுப்பே கைதட்டியது.

நீயும் படிக்காதவள்தான். அதனால் இதை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து உரக்கப் படிக்கப் போகிறேன். உன் பெயரை எங்குமே எழுதவில்லை என்று கோபப்படாதே. அதன் முதல் எழுத்து எங்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை. நிறைய வளைவு உள்ள எழுத்தாம். அடுத்த வாரம் டீச்சர் சொல்லித் தருகிறாளாம். அன்றைக்கே உனக்கு எழுதுகிறேன், முதல் வரியில் உன் பெயர்தான். வளைவு என்பதால் அவசரப்பட மாட்டேன். இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பென்சிலை எடுப்பேன்.