ஐந்தடிக்கு ஒரு முடிச்சு

என்னோடு விடாமல் மல்லுக்கு நின்ற அன்பு மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. லீவில் கப்பலிலிருந்து உங்கள் போத்தனூர் வீட்டுக்கு வந்த மறுநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை. இங்கே நம் வாசலில் ஆட்டோ நின்றால், என் வீட்டுக்காரி, உங்கள் அக்கா, இன்னும் எட்டிப் பார்க்கிறாள். எனக்கோ சண்டை போட ஆளில்லாமல் நாக்கு துருப்பிடித்துக் கிடக்கிறது.

சேதி இரண்டு. உங்கள் ஆராய்ச்சிக் கப்பலுக்கு வயதாகிவிட்டதாம். அதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தையும் வானிலைச் செயற்கைக்கோளுக்கே கொடுத்துவிடலாமா என்று டில்லியில் பேசிக்கொள்கிறார்களாம். பத்திரிகையில் படித்ததும் 'நான் சொன்னேன் பார்த்தீர்களா' என்று திரும்பினேன். நாற்காலி காலியாக இருந்தது.

இரண்டாவது, நம் கவிதா. மாமாவைப் போலக் கப்பல் ஏற வேண்டுமாம். கொச்சியில் கடல் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்து என் கையெழுத்துக்கு நிற்கிறாள். இருக்கிற கப்பலையே நிறுத்தப் போகிறார்கள், அதை நம்பிப் பெண்ணை அனுப்புவதா? விண்ணப்பத்தைப் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்துவிட்டேன்.

நான் செயற்கைக்கோள் கட்சி என்பது உங்களுக்குத் தெரியும். பிடுங்கிய சின்ன வெங்காயத்தை வயற்காட்டில் காயவிடலாமா, மூடி வைக்கலாமா என்று டிவியில் காட்டும் மேகப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறேன். யானை வருவதையும் காட்டினால் எங்கள் தொண்டாமுத்தூருக்குப் புண்ணியமாகப் போகும். புயலுக்கு முன்னால் கடலோர ஜனங்களை அப்புறப்படுத்துவதும் அந்தப் படத்தைப் பார்த்துத்தானே? கப்பல் எனக்கு என்ன செய்தது?

இந்தச் சண்டையைக் கடைசியாக, அதற்கு முந்தைய லீவில் நீங்கள் வந்திருந்தபோது, கிணற்று மேட்டில் போட்டோம். மோட்டார் போடுமுன் வழக்கம்போல் கல் கட்டிய கயிற்றைத் தரை தட்டும்வரை இறக்கி, மேலே இழுத்து, நனைந்த முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மேல இருந்து பாத்தாலே போதும்னா, இந்தக் கயிறு எதுக்குங்க மாமா?" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கடல்ல கம்பி உட்டு எடுக்கறவருக்கு வெவசாயம் என்னங்க தெரியும்?" என்று கேட்டுப்போட்டேன். நாம் வைதாலும் 'ங்க' போட்டுத்தான் வைவோம். நீங்கள் சிரித்தீர்கள். கடலின் சூட்டை அளக்கும் கருவியைக் கம்பியில் கட்டி ஆழத்துக்கு இறக்குவதுதான் உங்கள் பிழைப்பு. வலித்திருக்கும். மன்னித்துவிடுங்கள்.

மறுநாள் கயிற்றைக் காணோம். தோட்ட வேலைக்கு வரும் மாரப்பன் மேல் பழி போட்டேன்.

நீங்கள் கடைசியாகக் கொண்டுவந்த தகரப் பெட்டியை உங்கள் அக்கா போன வாரம்தான் திறந்தாள். சட்டைகளுக்கு அடியில் என் கயிறு இருந்தது. அதில் கட்டியிருந்த அட்டையில் உங்கள் எழுத்து: 'மாமா ஐந்தடிக்கு ஒரு முடிச்சு என்கிறார். கப்பலில் வைத்து அளந்தேன். நாலேகால் அடிதான். நூல் கயிறு, நனைந்து நனைந்து சுருங்கிவிட்டது. பக்குவமாகச் சொல்ல வேண்டும்.'

அதைச் சொல்லத்தான் வந்தீர்களா? ஐம்பதடித் தண்ணீர் என்று நான் நம்பியதெல்லாம் நாற்பத்திரண்டு சொச்சம்தானா? கோடைதோறும் மோட்டார் காற்றைக் குடித்தது இதனால்தானா?

மாரப்பனிடம் போய்த் தப்பை ஒத்துக்கொண்டேன். "போச்சாதுங்க, உட்டுத்தள்ளுங்க. இப்ப நெசமா எத்தனை அடி இருக்குதுங்க?" என்றுதான் அவர் கேட்டார்.

கவிதா அட்டையைத் திரும்பத் திரும்பப் படித்தாள். "செயற்கைக்கோள் கடலோட மேல்தோலைத்தானுங்கப்பா பாக்குது. அது சொல்ற சூடு சரியான்னு ஆராச்சும் தண்ணியில எறக்கிப் பாக்கோணுமுங்க. மாமா செஞ்சது அதானுங்க" என்றாள்.

அப்படியானால் உங்கள் கருவியை யார் சரிபார்த்தார்கள்? கடலடியில் இருக்கும் சூடு மேலே வர எத்தனை நாளாகும்? அது பாலக்காட்டுக் கணவாய் தாண்டி என் வெங்காயத்துக்கு மழையாக வருமா? நாளைய மழையைக் கப்பல் சொல்லாது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். அடுத்த பருவத்தைச் சொல்லுமா? இத்தனை வருஷம் உங்களை எதிர்த்துப் பேசினேன், ஒரு கேள்விகூட உருப்படியாகக் கேட்கவில்லை.

டில்லி எதற்கு முதலில் பணம் கொடுக்க வேண்டும்? தெரியவில்லை. முன்பு தெரியும் என்று நினைத்திருந்தேன்.

விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க நாளை கடைசி நாள். இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் அக்கா அழுதாள்; பிறகு அவளே கவரை ஒட்டினாள்.

புதுக் கயிற்றை ஒரு நாள் ஊறவைத்து, நாடா பிடித்து அளந்து முடிச்சுப் போட்டிருக்கிறேன். பழையது அட்டையோடு கவிதாவின் பெட்டியில் போகும்.

கப்பலைப் பார்க்க வாருங்கள் என்று எத்தனை முறை கூப்பிட்டீர்கள். போத்தனூரில் ரயிலேறினால் கொச்சித் துறைமுகம் அரை நாள் தூரம்கூட இல்லை. வெங்காயம், தண்ணீர் என்று சாக்குச் சொன்னேன். கவிதா கப்பல் ஏறும் அன்று கட்டாயம் வருவேன் மாப்பிள்ளை. வந்து, நீங்கள் நின்ற இடம் எது என்று கேட்டு, அங்கே கொஞ்ச நேரம் நிற்பேன். அதுவரை அந்தக் கப்பலை விட்டுவைக்கச் சொல்லி டில்லிக்கு ஒரு கார்டும் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்காளைக் கட்டியவன்,
பாதிச் சண்டையில் தோற்ற மாமா