மணிகளில் ஒட்டியவை

2024 மார்ச் 4
இன்றும் ஒன்பது தடவை. ஏழில் இரத்தம். இழுவைப் படகின் எஞ்சின் அறையிலிருந்து என்னைக் களஞ்சியத்துக்கு மாற்றிவிட்டார்கள். கப்பலைக் கயிற்றில் கொண்டுவரும்போது எஞ்சினை விட்டுவிட்டு மலசலகூடத்துக்கு ஓடுகிறவனை வைத்து என்ன செய்வது? சரிதான். கோபம்கூட வரவில்லை.

மார்ச் 11
கொழும்பு. என் வெள்ளை அணுக்களே என் பெருங்குடலைத் தாக்குகின்றனவாம். குளிசை மருந்துகளுக்கு அடங்கவில்லை.
"அந்த அணுக்களை மட்டும் வடிகட்டிப் பார்ப்பம். கிழமைக்கு ஒருக்கா, அஞ்சு தரம். சரிவராட்டி பெருங்குடலை எடுக்கவேணும்," என்றார் டொக்டர்.
வயிற்றில் பை கட்டி வாழ்வது பற்றி மனைவி துசானிதான் கேட்டாள். நான் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20
முதல் தரம். இரண்டு கையிலும் ஊசி. ஒரு கையிலிருந்து போகும் இரத்தம், மணிகள் நிறைந்த குப்பியைக் கடந்து மற்றக் கைக்கு வருகிறது. ஒரு மணித்தியாலம். தாதி குப்பியைத் தூக்கிக் காட்டினா. "இதுக்குள்ளதான் ஒட்டிக்கொண்டு நிக்கினம்."
ஒரு வருடமாக என்னைத் தின்ற அணுக்கள். பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 27
இரண்டாம் தரம். எட்டுத் தடவை.

ஏப்ரல் 3
குழாயில் இரத்தம் உறைந்து பாதியில் நிறுத்தினார்கள். கொழும்பிலிருந்து வீடு திரும்பும் வழியில், ஹபரணையில் பஸ் நிற்பதற்குள் உடுப்பு நனைந்துவிட்டது. துசானியின் பையில் மாற்றுச் சாரம் இருந்தது.
"ஒருக்கா அழுங்கோவன். அழுதாலாவது எனக்கு விளங்கும்."
என்னத்தை அழுகிறது? உள்ளுக்க ஒண்டுமில்லை. குடலும் போகட்டும்—

ஏப்ரல் 17
ஐந்தாவதும் முடிந்தது. நேற்று நான்கு தடவை. மறுபடி எண்ணிப் பார்த்தேன். நான்குதான்.

மே 9
குடலுக்குள் கமரா விட்டுப் பார்த்தார்கள். "புண் ஆறிவருது. இப்போதைக்கு வெட்டத் தேவையில்லை. திரும்ப வந்தா திரும்ப வடிகட்டுவம்."
துசானி டொக்டரின் மேசையிலேயே கவிழ்ந்து அழுதாள். நான் "ஓம்" என்றேன்.

ஜூன் 2
மீண்டும் படகில். கொட்டியாரக் குடாவிலிருந்து கோதுமைக் கப்பலொன்றை உள்ளே கொண்டுவந்தோம். மூன்று மணித்தியாலம் எஞ்சினை விட்டு அசையவில்லை.
மத்தியானம் வீட்டில் பாரைக் குழம்பு. "என்னப்பா இது, பச்சைத்தண்ணி மாதிரி? உறைப்பே இல்லை!" என்று கத்திவிட்டேன்.
துசானி கரண்டியோடு நின்றாள். "உங்கட வயித்துக்காகப் போன வருசத்திலயிருந்து இப்பிடித்தானே சமைக்கிறன். மகளும் நானும் இதைத்தான் சாப்பிடுறம். உங்களுக்கு இண்டைக்குத்தான் தெரியுதே?"
ஓம். இன்றைக்குத்தான். அவளுடைய தோள் எலும்பு இவ்வளவு துருத்தியிருப்பதும் இன்றைக்குத்தான்.
குசினிக்குப் போனேன். தகரப் பேணியில் மிளகாய்த்தூள் கட்டிபட்டுக் கிடந்தது. கரண்டிக் காம்பால் குத்தி உடைத்து, எண்ணெயில் வதக்கி, அவர்கள் இருவரின் குழம்பிலும் ஊற்றினேன்.
துசானி ஒரு வாய் வைத்துவிட்டு இருமினாள். பிறகு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.