செந்தில் பெயரில் நீ போட்ட கவர்கள்

என்றைக்கும் என் பேச்சைக் கேட்காத அம்மாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. செந்தில் சாப்பிடுகிறான், தூங்குகிறான். வேலைதான் போய்விட்டது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். இன்றைக்குக் கோபமாக இருக்கிறேன், அதனால் எழுத முடிகிறது.

வேலை என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். சானடோரியம் பக்கத்துக் கம்பெனியில் என் தம்பிக்கு வைத்த பெயர் ட்ரெயினி. ஸ்பெஷல் ஸ்கூலிலிருந்து அனுப்பியபோது மூன்று மாதப் பயிற்சி, நன்றாகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். மூன்று மாதம் ஆறானது, ஆறு மாதம் இரண்டு வருஷமானது. எட்டு ஸ்க்ரூவை ஒரு கவரில் போட்டு ஒட்டுவதற்கு, புத்தி கொஞ்சம் மந்தம் என்றாலும் இருபத்து மூன்று வயது ஆளுக்கு எத்தனை வருஷம் கற்றுக்கொடுப்பார்கள்? நீ கேட்கவில்லை. கேட்டால் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தாய்.

முதல் வாரம் அவனை விட்டுவிட்டு கேட் ஓரமாக உட்கார்ந்திருந்தாய். "வெயில்ல இன்னாத்துக்கு? உள்ள ஸ்டூல் கீது, வந்து குந்தும்மா" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். சும்மா உட்கார உனக்கு வருமா? அவன் ஒரு கவர் போடுவதற்குள் நீ மூன்று போட்டாய். செந்தில் வேலைக்குப் போகிறான் என்று ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் தெருவே பேசியது. போனது நீ, சம்பளமும் இல்லாமல் பெயரும் இல்லாமல். எனக்கும் தெரியும். என்னால் நேரத்துக்கு ஆபீஸ் போக முடிந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தப் பழியில் எனக்கும் பங்கு உண்டு.

உன் பதினாறாம் நாள் முடிந்து நான் அவனைக் கூட்டிப் போனேன். சூப்பர்வைசர் உன்னைப் பற்றி உருகி உருகிப் பேசினார். பொய்யில்லை, கண்ணே கலங்கியது. பிறகு உன் ஸ்டூலைக் காட்டி, "நாளைலேர்ந்து நீ வந்துடும்மா. அவன் தனியா இன்னா பண்ணுவான்?" என்றார். என்னை வேலைக்கு எடுக்கிறீர்களா சார் என்று கேட்டேன். உங்கம்மா இதெல்லாம் கேட்டதே இல்லை என்று சிரித்தார்.

முடியாது என்றேன். ஒரு மாதம் அவனைத் தனியாக விட்டுப் பாருங்கள் என்று மன்றாடி வாங்கினேன். அன்று சாயங்காலம் உன் பையைத் துழாவியபோது அடியில் ஒரு பலகை கிடைத்தது. ஸ்கூல் மிஸ் அவனுக்கென்றே எட்டுக் குழி தோண்டிக் கொடுத்த பலகை. குழிக்கு ஒரு ஸ்க்ரூ வைத்து, எட்டும் நிறைந்ததும் கவரில் கொட்ட வேண்டியதுதான், எண்ணவே வேண்டாம். இதை ஏன் எடுத்து ஒளித்து வைத்தாய் அம்மா? குழந்தை விளையாட்டு என்று மற்றவர்கள் சிரிப்பார்கள் என்றா? அவன் மெதுவாகச் செய்வது உனக்குத்தான் பொறுக்கவில்லையா?

அந்த மாதம் பலகையை வைத்துக்கொண்டு தனியாகப் போட்டான். ஒரு கவரிலும் குறை இல்லை. சூப்பர்வைசரே பிரித்து எண்ணிப் பார்த்தார். ஆனால் மாதக் கடைசியில் பயிற்சி நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு வருஷமாக அவன் போட்டதையும் நீ போட்டதையும் சேர்த்து செந்தில் என்ற ஒரே பெயரில் எழுதியிருக்கிறார்கள். இந்த மாதம் அதில் பாதிகூட இல்லை.

"பையன் டல்லாயிட்டாம்மா. மேல கேக்குறாங்க, நான் இன்னா பண்றது?" என்றார்.

பாதிக்கு மேல் எங்கள் அம்மா போட்டதுதானே சார், பக்கத்திலேயே நின்று பார்த்தீர்களே என்றேன். நோட்டில் அப்படி இல்லையே என்றார்.

உன் கைவேகம்தான் அவனை அங்கே தோற்கடித்தது. எழுதும்போதே எனக்கு வலிக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் வலிக்கும்.

அவனை வெளியே அனுப்பும்போது ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். பயிற்சியை வெற்றிகரமாக முடித்தாராம். அடுத்த திங்கட்கிழமையே அந்த இடத்தில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள் என்று கீழ் வீட்டு போனில் மிஸ் சொன்னார். அவளுடைய அம்மாவும் தினம் கூடவே போகிறாராம்.

போன வாரம் மாடம்பாக்கத்தில் ஒரு பேக்கரியில் அவனுக்கு வேலை கேட்டேன். அதை நடத்துகிற அக்கா, ஒரு வாரம் வரட்டும், பார்க்கலாம் என்றார். முதல் நாள் நானும் போய் ஓரமாக நின்றேன். ரஸ்க்கை ஒவ்வொன்றாக எடுத்துப் பாக்கெட்டில் அடுக்கினான். அதற்குள் அடுத்த தட்டு வந்துவிட்டது, பிறகு இன்னொன்று. அந்த அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை அறியாமல் ஒரு பாக்கெட்டை எடுத்து நிரப்ப ஆரம்பித்தேன். உன் மகள்தானே நானும்.

செந்தில் என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளி வைத்தான்.

"கைய எடு அக்கா. இது என் வேலை."

அடுத்த ரஸ்க்கை எடுத்து வைத்தபடி, நிமிராமலே சொன்னான். "அம்மாகிட்டயும் தினம் சொன்னேன். அம்மா எடுக்கல."

தினமுமா அம்மா? இரண்டு வருஷம் தினமும் சொன்னானா? வீட்டுக்கு வந்து ஒரு நாள்கூட என்னிடம் நீ சொல்லவில்லையே. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாயா?

இனி பஸ் ஸ்டாப்போடு நின்றுகொள்வேன், இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. பேக்கரியில் வைத்துக்கொண்டாலும் சரி, சனிக்கிழமை அனுப்பிவிட்டாலும் சரி, அவன் பெயரில் இருப்பது அவன் போட்டதாக மட்டும் இருக்கும். அது பத்தே பாக்கெட்டாக இருந்தாலும் நான் தொடமாட்டேன்.

உன் மேல் இன்னும் கோபம் தீராத உன் மகள்,
செந்திலுக்கு அக்கா.